சம்பல் விழாத மெஷினுக்கு 68 இலட்சமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 47. பதினான்கு வருடங்களுக்கு முன் வீட்டு அடுப்பில் சோற்றுப் பார்சல் கட்ட ஆரம்பித்தவர். இன்று வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரக் கூரை போட்ட சமையற்கூடம், 18 ஊழியர்கள். ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்கும் சில அலுவலகங்களுக்கும் நாளொன்றுக்கு 1,200 ட்ரே போகிறது. ஒவ்வொன்றிலும் சோறு 170 கிராம், கோழிக்கறி 110, வறை 45, தேங்காய்ச் சம்பல் 25, ஆக 350 கிராம். வெள்ளிக்கிழமை முழுக்க மரக்கறி. எல்லாவற்றையும் ஏழு பெண்கள் மேசையைச் சுற்றி நின்று கையால் நிரப்புகிறார்கள்.

கடந்த இரண்டு மாதத்தில் இரண்டு தடவை எடை குறைவு என்று சுப்பர்மார்க்கெட் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டது. பயந்துபோய், "370 வரும்வரை போடுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். கணக்கியல் படித்த மகன் அந்த நட்டத்தைக் கூட்டிப் பார்த்து, மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார். ஒரு முகவர் பதினான்கு தலை கொண்ட எடையிட்டு நிரப்பும் மெஷினுக்கு 68 இலட்சம் ரூபாய் விலை சொல்லியிருக்கிறார். மாத முடிவுக்குள் 60 வீதம் முற்பணம் கட்ட வேண்டுமாம். அதற்கு வீட்டு உறுதியை வங்கியில் வைக்க யோசிக்கிறார். மெஷின் வந்ததும் ஏழு பேரில் ஐந்து பேரை ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது திட்டம். அந்த ஐவரில் ஒருவர் பதினொரு வருடமாகக் கூடவே நின்றவர். "அக்கா எண்டுதான் கூப்பிடுறனான். இப்ப அவவின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் இருக்கு" என்று எழுதியிருக்கிறார். கேள்வி இரண்டு: மெஷின் வாங்கலாமா? இவர்களை அனுப்பலாமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. அந்த முற்பணத்தை இந்த மாத முடிவுக்குள் கட்டாதீர்கள். மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உணவுத் தொழிற்கூடங்களுக்கு இயந்திரம் தெரிவு செய்து கொடுப்பதுதான் என் வேலை. நல்ல மெஷின் ஒரு சின்னத் தொழிலை எப்படித் தூக்கி நிறுத்தும் என்று பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்த பிறகு, நோய் ஓரிடத்திலும் மருந்து வேறிடத்திலும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

எடை எங்கே குறைகிறது?

எடை குறைவதற்குக் காரணம் அந்தப் பெண்களின் கை என்று நீங்களும் மகனும் முடிவு செய்துவிட்டீர்கள். அதே கைகள்தானே இத்தனை வருடம் நிரப்பின? இரண்டு மாதத்துக்கு முன் மாறியது என்ன? கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ட்ரே விலை கூடினபடியால் வேறு ஆளிட்ட எடுக்கத் தொடங்கினோம்." என் கண் அந்த வரியில்தான் நின்றது.

காலையில் ஒரு வெற்று ட்ரேயைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, அதோடு நாள் முழுக்க நிறுப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த முதல் ட்ரே 14 கிராம், பிறகு வருகிற ட்ரேக்கள் சில 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு 350 காட்டும்போது உள்ளே இருக்கும் சாப்பாடு 344 தான். கையில் ஒரு பிழையும் இல்லாமலே 6 கிராம் போய்விட்டது. மலிவான ட்ரேக்களில் ஒன்றுக்கொன்று கனம் மாறுவது சாதாரணம். நாளைக்கே முப்பது வெற்று ட்ரேக்களை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் 3 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால், உங்கள் பிரச்சினையில் ஒரு பங்கு அங்கேயே இருக்கிறது.

இன்னொரு பங்கு ஆவியாகப் போகிறது. சுடச் சுடச் சோற்றைப் போட்டு நிறுத்து, பிறகு சீலிங் மெஷினுக்கு முன் வரிசையில் வைக்கிறீர்கள். ட்ரே பத்து நிமிடம் திறந்து கிடந்தால் மேலே எழும் நீராவியோடு எடையும் குறையும். இருபது ட்ரேக்களை நிரப்பியவுடன் நிறுத்து, சீல் பண்ணுமுன் திரும்ப நிறுத்துப் பாருங்கள்.

மூன்றாவது பங்கு கறிச் சட்டியில் இருக்கிறது. குழம்பு நின்றால் பிரியும். எண்ணெயும் தண்ணீரும் மேலே, துண்டும் தடிப்பும் அடியில். அதே அகப்பை, அதே கை, ஆனால் முதல் நூறு ட்ரேக்கு ஒரு மாதிரியும் கடைசி நூறுக்கு இன்னொரு மாதிரியும் விழும். திரும்பி வந்த ட்ரேக்களில் நேரம் அச்சிடப்பட்டிருந்தால், அவை எந்த நேரத்தில் நிரப்பப்பட்டவை என்று பாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தைச் சுற்றி வந்தால், கேட்க வேண்டியது சட்டியைத்தான்.

தராசையும் விட்டுவிடாதீர்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசை ஆண்டுதோறும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்திடம் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். கடைசியாக எப்போது வாங்கினீர்கள்? சட்டத்துக்காக மட்டும் கேட்கவில்லை. ஈரமும் எண்ணெயும் படுகிற சமையற்கூடத்தில் தராசு விலகுவது யாருடைய கண்ணுக்கும் தெரியாது.

"370 வரும்வரை போடுங்கோ" என்ற கட்டளைக்கும் அவசியம் இல்லை. சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பின் பரிந்துரையில் இரண்டு விடயம் பார்க்கிறார்கள். மொத்தத் தொகுதியின் சராசரி, அட்டையில் போட்ட எடைக்குக் குறையக் கூடாது. தனிப் பொதிகள், மிகச் சிலவற்றைத் தவிர, 300 முதல் 500 கிராம் வரையான வகையில் 3 வீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 350 கிராமுக்கு அது 10.5 கிராம். உங்கள் சுப்பர்மார்க்கெட் இதைப் பின்பற்றுகிறதா, ஒவ்வொரு ட்ரேயும் 350க்குக் கீழே போகவே கூடாது என்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது தெரியாமல் மெஷினும் வாங்க முடியாது, கையாலும் சரியாகப் போட முடியாது.

விழும் உணவும் விழாத உணவும்

இப்போது அந்த மெஷினுக்கு வருவோம். முகவர் காட்டிய வீடியோவில் நிலக்கடலையும் அரிசியும் மழை மாதிரி விழுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். விழத்தான் செய்யும். இந்த வகை மெஷினை முதன்முதலில் 1972இல் செய்தது ஜப்பானின் இஷிதா நிறுவனம். விவசாயிகள் குடைமிளகாயைச் சரியான எடைக்குப் பொதி பண்ணப் பட்ட கஷ்டத்தில்தான் அது பிறந்தது. காய்க்குக் காய் எடை மாறும். நாலு காய் போட்டால் குறையும், ஐந்து போட்டால் கூடும். அதற்கு அவர்கள் கண்ட வழி மிக அழகானது. உங்களுக்கு விலை சொன்ன மெஷின் என்றால், 'தலை' எனப்படும் பதினான்கு சிறு கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விழுத்தி ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுக்கும். பதினான்கில் எந்த நாலைச் சேர்த்தால் தேவையான எடைக்கு மிகக் கிட்ட வரும் என்று கணினி பார்க்கும். நாலு நாலாகச் சேர்க்க 1,001 வழி இருக்கிறது. நொடிக்குள் மிகப் பொருத்தமான சேர்க்கையைத் தெரிந்து, அந்த நாலு கிண்ணத்தின் கதவை மட்டும் திறக்கும்.

இதெல்லாம் நடக்க இரண்டு நிபந்தனை உண்டு. பொருள் அதிரும் தட்டில் தானாக நகர்ந்து வர வேண்டும். கதவு திறந்தால் முழுவதும் கீழே விழ வேண்டும். குடைமிளகாய் விழும். கடலை விழும். உங்கள் சம்பல் விழுமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்கூடத்தில், அவித்த நூடில்ஸை இப்படியொரு மெஷினில் ஓட்டியதை ஒரு காலை முழுக்க நின்று பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகப் போனது. பிறகு நூடில்ஸ் ஆறத் தொடங்கியது. கிண்ணக் கதவு திறந்தது, நூடில்ஸ் விழவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொடியில் காயப்போட்ட நூல் மாதிரித் தொங்கியது. பாதி விழுந்தது, பாதி அடுத்த ட்ரேயில் போய் விழுந்தது. ஒரு பெண் நீளக் கரண்டியோடு ஏணியில் ஏறி நின்று, கிண்ணம் கிண்ணமாகத் தட்டிக் கொண்டிருந்தார். கீழே இரண்டு பேர் கூடிய ட்ரேயில் எடுத்துக் குறைந்த ட்ரேயில் போட்டார்கள். முன்பு அந்த வேலையை நாலு பேர் செய்தார்களாம். அன்று மெஷினோடு ஐந்து பேர் நின்றார்கள்.

உங்கள் நாலு பண்டத்தையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள், சகோதரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது.

சம்பல்தான் மிகப் பிடிவாதமானது. துருவிய தேங்காய் ஈரமும் எண்ணெயும் சேர்ந்தது. அதிரும் தட்டில் வைத்தால் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும், முன்னே போகாது. 25 கிராமை நாலு கிண்ணமாகப் பிரித்தால் கிண்ணத்துக்கு ஆறு கிராம்தான். அதில் இரண்டு கிராம் சுவரில் ஒட்டினாலே கணக்கு முழுக்கப் பிழை. ஒட்டாத பூச்சும் மேடுபள்ளமான தகடும் கொண்ட கிண்ணங்கள், தள்ளிக் கொடுக்கும் திருகாணி, வழித்துவிடும் தகடு எல்லாம் வைத்து ஒட்டும் பண்டத்துக்கென்றே செய்த மெஷின்கள் உண்டு. ஆனால் திருகாணி அமுக்கும். அமுக்கினால் பால் கசியும், உதிரியாக இருந்த சம்பல் களியாகும். வாங்குகிறவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வறையும் கிட்டத்தட்ட அப்படியே. கீரை இழை ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அன்றைய கீரையின் ஈரத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும்.

சோறு இடைநடுவானது. நாட்டரிசி, சம்பா போன்ற புழுங்கல் அரிசி பச்சையரிசியைவிட ஒட்டுவது குறைவு. சூடாக இருக்கும்போது உதிரியாக விழும். ஆற ஆறக் கட்டிபடும். சோற்றைக் கிளறி உதிர்த்துக்கொண்டே நிறுத்துப் போடும் தனி மெஷின்கள் இருக்கின்றன. உங்கள் சாப்பாட்டில் பாதி எடை சோறுதான் என்பதால், என்றாவது மெஷின் வாங்குவதென்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் வாங்கும் மெஷின் எந்த அரிசிக்கென்று செய்தது என்று கேளுங்கள். ஜப்பானில் உண்ணும் ஒட்டும் குட்டை அரிசிக்கென்று செய்ததில் நம் சம்பாவைப் போட்டால் வேறு மாதிரி நடக்கும்.

கறிக்கு நல்ல வழி இருக்கிறது: பிஸ்டன் ஃபில்லர். பெரிய ஊசிக்குழாய் போல உறிஞ்சி, அளந்த கொள்ளளவைக் குழாய் வழியே தள்ளும். பருப்பு, சொதி, குழம்பு எல்லாம் அதில் நன்றாகப் போகும். மேசையில் வைக்கக்கூடிய சிறிய ஒரு வாய் மெஷினின் விலை, நீங்கள் எழுதிய தொகைக்குக் கிட்டவும் வராது. ஆனால் கோழியை எலும்போடு அதில் போடவே கூடாது. எலும்பு வால்வில் சிக்கும், சிக்காவிட்டால் நொறுங்கும், நொறுங்கிய சில்லு யாரோ ஒரு பிள்ளையின் தொண்டைக்குப் போகும். துண்டைக் கையால் எண்ணிப் போடுங்கள், குழம்பை மட்டும் மெஷினில் விடுங்கள். சட்டியைக் கிளறிக்கொண்டே இருக்கும் துடுப்பு உள்ளதாக எடுத்தால், குழம்பு பிரியும் பிரச்சினையும் அத்தோடு தீரும்.

சம்பலுக்கும் வறைக்கும் நான் சொல்லும் வழி மிக எளிமையானது. சம்பல் பாத்திரத்தையே தராசில் வையுங்கள். கரண்டியால் அள்ளி எடுக்க எடுக்க, எடுத்தது எவ்வளவு என்று தராசு காட்டும். 23க்கும் 27க்கும் இடையில் வந்தால் பச்சை விளக்கு, கூடினாலும் குறைந்தாலும் வேறு நிறம். அள்ளியதைத்தான் நிறுக்கிறீர்கள் என்பதால் ட்ரேயின் எடை இதில் ஒரு பொருட்டே இல்லை. இப்படி எடுத்ததைக் காட்டக்கூடிய விளக்குத் தராசு என்று கேட்டு நாலைந்து வாங்கினால் போதும். ஒட்டும் பண்டத்தைப் பொறுத்தவரை, பெரிய வெளிநாட்டுத் தொழிற்கூடங்களிலும் ஆள் அள்ளி மெஷின் நிறுக்கும் இந்தக் கலப்பு முறையை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விடயம். உங்கள் சம்பலில் மாசிக் கருவாடு போடுகிறீர்கள், வெள்ளிக்கிழமை மரக்கறிப் பார்சல் கொடுக்கிறீர்கள். கையால் போடும்போது கையுறையையும் கரண்டியையும் மாற்றினால் முடிந்தது. பதினான்கு கிண்ணம், பதினான்கு கதவு, அவற்றின் பிணைச்சல், ரப்பர் வளையம் எல்லாவற்றிலும் வியாழக்கிழமை மாசியும் கோழிக் கொழுப்பும் ஒட்டியிருக்கும். விரதம் இருப்பவர் உங்களை நம்பி வாங்குகிறார். மீன் ஒவ்வாமை உள்ளவருக்கோ அது நம்பிக்கையோடு நிற்காது, உயிரோடு விளையாட்டு. மெஷின் என்றால் கையைவிடச் சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். கழற்றிக் கழுவினால்தான் சுத்தம். அதற்குத் தினமும் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதை முகவர் உங்களிடம் சொல்லவே இல்லை.

மெஷின் நின்றுபோனால் உணவும் நின்றுபோகும் என்பதையும் யோசியுங்கள். சமைத்த உணவு 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் நெடுநேரம் இருக்கக் கூடாது. முக்கியமாகச் சோறு. அதில் வேக வைத்தாலும் சாகாத பசிலஸ் செரியஸ் வித்துகள் இருக்கும். இளஞ்சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சில் ஒரு வகை திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. முக்கால் மணி நேரம் மெஷின் திருத்தும்போது அதன் வயிற்றில் கிடக்கும் சோற்றை என்ன செய்வீர்கள்? வெளியே எடுத்து எறியும் தைரியம் வேண்டும்.

மகனின் கணக்கு

மகன் பிழையாகக் கணக்குப் போடவில்லை. ட்ரேக்கு 20 கிராம் கூடுதலாகப் போட்டால் 1,200 ட்ரேக்கு நாளுக்கு 24 கிலோ. கிலோவுக்கு உங்கள் அடக்கவிலை 700 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நாளுக்கு 16,800 ரூபாய், மாதம் 26 நாளுக்கு நாலரை இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. யாருக்கும் நெஞ்சு பதறும்.

ஆனால் ட்ரே, தராசு, சட்டி மூன்றையும் சரி செய்து, விளக்குத் தராசும் வைத்தால், அந்த 20ஐ 8க்குக் கொண்டுவரலாம் என்று வைத்துக்கொள்வோம். மெஷினால் மிச்சம் பிடிக்க மீதி இருப்பது அந்த 8 கிராம்தான். நாளுக்கு 9.6 கிலோ, 6,720 ரூபாய், மாதம் 1,74,720. மெஷின் ஒரு கிராம்கூடச் சிந்தாமல் உழைத்தாலும் 68 இலட்சத்தைத் திருப்பி எடுக்க 39 மாதம் ஆகும். வங்கி வட்டி, மின்சாரம், உதிரிப்பாகம் எல்லாம் அதற்கு மேல். ஒரு கிராமும் சிந்தாத மெஷினை நான் பார்த்ததில்லை. இந்தக் கணக்குக்காகக் குடியிருக்கும் வீட்டின் உறுதியை வைக்காதீர்கள். நாளுக்கு 4,000, 5,000 ட்ரே என்று எழுத்தில் ஓடர் வந்தால் கணக்கு மாறும். அப்போது திரும்ப உட்கார்ந்து போடலாம்.

இடையில் ஒன்று. உங்கள் கூரை பத்தடி. இந்தப் பல தலை மெஷினை ஒரு மேடையில் ஏற்றி வைத்து மேலிருந்து விழுத்த வேண்டும். கூடவே பொருளை மேலே தூக்கும் கொண்டுசெல்லி (கன்வேயர்). பெரும்பாலும் பத்தடிக்குள் அடங்காது. முகவர் உங்கள் சமையற்கூடத்தை வந்து அளந்தாரா?

பணம் கொடுக்குமுன் எழுத்தில்

எதை வாங்கினாலும், சின்ன பிஸ்டன் ஃபில்லரே ஆனாலும், இவற்றை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

உங்கள் பண்டத்தோடு ஒத்திகை: அவர்களுடைய கடலையில் அல்ல. நீங்கள் சமைத்த சோறு, கறி, சம்பல். நீங்கள் நிரப்பும் அதே சூட்டில். இடைவிடாமல் இரண்டு மணி நேரம். ஐந்து நிமிட வீடியோவில் ஒட்டுதல் தெரியாது. எத்தனை ட்ரே எந்த எல்லைக்குள் வந்தன, எத்தனை தடவை ஆள் கை வைத்தார் என்று நீங்களே குறியுங்கள்.

நோக்கம்: "தேங்காய்ச் சம்பல் 25 கிராம், நிமிடத்துக்கு இத்தனை ட்ரே, இந்த எல்லைக்குள்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, எதற்காக வாங்குகிறீர்கள் என்று விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களைக் காக்கும். வெறும் மாதிரி எண்ணைச் சொல்லி வாங்கினால் அந்தக் காப்பு பலவீனமாகிவிடும். ஒரு வருட உத்தரவாதம் என்பது இதற்கு ஈடாகாது. மோட்டார் எரிந்தால் மாற்றுவார்கள். சம்பல் ஒட்டினால் "உங்கட சம்பல் பிழை" என்பார்கள்.

பணம்: 60 வீதம் என்பது 40 இலட்சத்து 80 ஆயிரம். மூன்றாகப் பிரியுங்கள்: ஓடருக்கு ஒரு சிறு பங்கு, ஒத்திகை தேறி அனுப்பும்போது பெரும்பங்கு, உங்கள் கூடத்தில் சில வாரம் ஓடிய பிறகு மிச்சம். கடைசிப் பங்கு கையில் இருக்கும்வரைதான் தொலைபேசியை எடுப்பார்கள்.

பாதுகாப்பு: மூடியைத் திறந்தால் தானாக நிற்க வேண்டும். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும். அவசரத்தில் அந்தப் பூட்டை யாரும் ஏமாற்றி ஓட்ட விடாதீர்கள். சிக்கியதை எடுக்கப் போன விரல்களை நான் கண்டிருக்கிறேன்.

உதிரிப்பாகம், கொழும்பிலேயே வந்து திருத்தும் ஆள், எத்தனை மணி நேரத்துக்குள் வருவார், மின்சாரம் ஒற்றை முனையா மும்முனையா என்பவற்றையும் அதே தாளில் கேளுங்கள்.

அந்த ஐந்து பேர்

ஒரு மாதச் சம்பளத்தோடு அனுப்பலாம் என்று யார் சொன்னாரோ தெரியவில்லை. உங்களிடம் 18 பேர் வேலை செய்கிறார்கள். முந்தைய ஆறு மாதச் சராசரியில் 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களுக்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, ஊழியர்களின் வேலையை முடிவுறுத்தல் பற்றிய சட்டம் பொருந்தும். அதன்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். மெஷின் வந்துவிட்டது என்பது அனுமதி கேட்க ஒரு காரணமே தவிர, அனுமதி அல்ல. அனுமதி தரும்போது நட்டஈட்டையும் தீர்மானிப்பார்கள். அது சேவைக்காலத்தோடு வளரும். வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கிச் சம்மதம் என்று காட்ட நினைக்காதீர்கள். நீங்கள் அப்படிச் செய்பவர் அல்ல என்று தெரிகிறது. ஆனால் அந்த யோசனையைச் சொல்ல யாராவது வருவார்கள்.

பணிக்கொடை தனி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அக்காவுக்குப் பதினொரு வருடம் என்றால் ஐந்தரை மாதச் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவர்களிடம் கழிப்பது 8 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்கள் பங்கு 3 வீதம். பார்சல் கட்டிய ஆரம்ப காலத்தில் இவற்றைக் கட்டாமல் விட்டிருந்தால், இப்போதே ஒரு தொழிற்சட்டத்தரணியோடு போய் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் பேசி ஒழுங்குபடுத்துங்கள். ஒருவரை அனுப்பும் நாளில் அது முறைப்பாடாக வெளியே வந்தால் பிறகு உங்கள் கையில் இருக்காது.

சட்டத்தை விட்டுவிட்டும் கேட்கிறேன். கீரை இன்று ஈரம் கூட, ஒரு பிடி குறைத்துப் போட வேண்டும் என்று உங்கள் கூடத்தில் யாருக்குத் தெரியும்? சட்டியின் அடியில் தடிப்பு நிற்கிறது, கிளறிவிட்டு அள்ள வேண்டும் என்று யார் சொல்வார்? நான் பார்த்த இடங்களில் மெஷின் நன்றாக ஓடியது, முன்பு அதே பண்டத்தைக் கையால் போட்டவர்கள் அதை ஓட்டிய இடங்களில்தான். பண்டத்தின் குணம் அவர்கள் விரலில் இருக்கிறது. நாளைக்கு பிஸ்டன் ஃபில்லர் வந்தால் அதன் பொறுப்பை அக்காவிடம் கொடுங்கள். பயிற்சியைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்று முகவரிடம் எழுதிக் கேளுங்கள். யாராவது தாமாக விலகினால், அந்த இடத்தை நிரப்பாமல் விடலாம். ஒருவரையும் கலைக்காமலே ஆட்கணக்கு மெல்லக் குறையும்.

இந்த வாரம் ட்ரேக்களை நிறுங்கள், தராசுக்கு முத்திரை பாருங்கள், சுப்பர்மார்க்கெட்டுக்கு அந்தக் கேள்வியை எழுதுங்கள். 370 என்ற கட்டளையை எடுத்துவிட்டு, ட்ரே கணக்குச் சரியான பிறகு 356 என்று வைத்து இரண்டு வாரம் பாருங்கள். 

முகவருக்கு இன்றைக்கே ஒரு பதில் போடுங்கள். முற்பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், அதற்கு முன் ஒரு நாள் மெஷின் ஓடும் இடத்துக்கு எங்கள் சம்பல் ஒரு வாளியும் வறை ஒரு வாளியும் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். திகதி தந்தால் மகனையும் அழைத்துக்கொண்டு போங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சம்பல் விழும் விதத்தைப் பார்த்ததும், மெஷின் ஆகுமா ஆகாதா என்று அவர் உங்கள் இரண்டு பேருக்கும் முதல் சொல்லிவிடுவார்.